நாற்றங்கால் போல ஒரு பாத்ரூம்

அன்புள்ள அபி,

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் போதும், உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் நான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அவரிடமிருந்து ஒரு திருத்தம் வரும். அதனால்தான் கடிதம். அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். அவர்கள் எழுந்திருக்கும் வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது, சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: பாத்ரூமில் தண்ணீர் ஓடுகிறது! இதில் என்னம்மா அதிசயம், அப்பா அனுப்பிய போட்டோவுக்கு நான்தான் அப்போதே ஹார்ட் போட்டேனே என்பாய். நீ ஹார்ட் போட்ட பாத்ரூம் வேறு, இன்றைக்கு நம் வீட்டில் இருக்கிற பாத்ரூம் வேறு. நடுவில் என்ன நடந்தது என்று உன் அப்பாவும் சொல்ல மாட்டார், உன் மாமாவும் சொல்ல மாட்டான். நான் சொல்லாவிட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்றே உனக்குத் தெரியாது. நீ உண்டாகியிருக்கிறாய் என்று தெரிந்ததும் நாங்கள் தலைகால் புரியாமல் பூவும் பழமுமாகச் சென்னைக்கு ஓடி வந்தோமே, அன்றைக்கு நீ படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது உன் மாமியார் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். காபியை ஆற்றிக்கொண்டே மெதுவாகத்தான் கேட்டார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல பாத்ரூம் கொல்லையில இல்ல இருக்கு? மாசம் ஏற ஏற இவ ராத்திரியில எத்தன தடவ எழுந்துப்பா. இருட்டுல, மழையில, அந்தப் படி இறங்கி எப்படிப் போவா? முதல் பிரசவம் அம்மா வீட்லதான், எனக்கும் தெரியும். ஆனா இங்கயே வெச்சுக்கலாமான்னு யோசிக்கிறேன்." எனக்குக் கோபம் வரவில்லை அபி. ஊரில் இருக்கிற கர்ப்பிணிகளையெல்லாம் எடை பார்த்து, சத்துமாவு கொடுத்து, வழுக்குற இடத்துல காலை வைக்காதே என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி அனுப்புகிறவள் நான். அவர் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற ஆசை எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? திரும்பி வரும்போது ரயிலில் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். விழுப்புரம் தாண்டியதும் "கட்டிடுவோம்" என்றார். தஞ்சாவூரில் இறங்குவதற்குள் டைல்ஸ் என்ன நிறம் என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது.

அப்பாவுக்கு அது தோதான காலமும்கூட. சம்பா அறுவடை முடிந்து நெல்லையும் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லை, வயலில் வேலை இல்லை, மனுஷனுக்குக் கை நமநம என்று இருந்த நேரம். கூடத்தை ஒட்டி நாம் நெல் மூட்டை அடுக்கும் அறை இருக்கிறதே, அதைத்தான் பாத்ரூமாக மாற்றுவது என்று ஏற்பாடு. கொத்தனார் வேலைக்கு வேறு யாரைக் கூப்பிட முடியும்? உன் மாமா இருக்கும்போது வெளியாள் வந்து சாந்துச் சட்டியைத் தொட்டால் அவன் ஜென்மத்துக்கும் நம் வீட்டுப் படி ஏற மாட்டான். "அக்கா, அபிக்கு நான் கட்டித் தரேன். வளைகாப்புக்கு வளையல் போடுற தாய்மாமன், ஒரு பாத்ரூம் போடக் கூடாதா?" என்று வந்து நின்றான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது எனக்கு. ஆனால் உன் மாமா கை வைத்த வேலையெல்லாம் நெல் காய வைக்கும் களமும், வாய்க்கால் மதகும், ஒன்றிரண்டு மாடி வீடும்தான். பாத்ரூம் என்றால் கொல்லைப் பாத்ரூம். வீட்டுக்குள் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துக் கட்டுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை. மேற்பார்வைக்கு உன் அப்பா. இந்த இரண்டு பேரும் ஒரு அறைக்குள் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

வெஸ்டர்ன் எந்தத் திசையைப் பார்ப்பது என்பதில் ஆரம்பித்தது. கிழக்கே பார்த்து உட்காரக் கூடாது, சூரியன். மேற்கே பார்த்தும் கூடாது, சூரியனுக்கு முதுகைக் காட்டுகிறோமாம். வடக்கே சுவருக்கு அந்தப் பக்கம் சாமி அறை. மிச்சம் தெற்குதான், தெற்கே பார்த்து உட்கார்ந்தால் கதவு முழங்காலில் இடிக்கிறது. உன் அப்பாவும் மாமாவும் ஒரு காலைப் பொழுது முழுக்க அந்தப் பீங்கானைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் குறுக்காக வைத்துவிட்டார்கள். ஆமாம் அபி, மூலையைப் பார்த்து, குறுக்காக. உட்கார்ந்தால் எதிரே இரண்டு சுவர் சேருகிற இடம்தான் தெரியும். எந்தத் திசைக்கும் மனஸ்தாபம் இல்லை என்று உன் அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. அப்படியும் கதவு லேசாக உரசியது. அதற்காகக் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார்கள். அது இப்போது நேராகச் சமையலறைக்குப் போகிற வழியில் திறக்கிறது. நான் ரசப் பாத்திரத்தோடு வரும்போது உள்ளேயிருந்து யாராவது வந்தால் அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறப்பதற்கு முன்னால் இருமிவிட்டுத் திறக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன்.

ஷவரைக் கேளேன். மொட்டை மாடி டேங்கிலிருந்து குழாய் எந்தச் சுவரில் இறங்கியதோ, அந்தச் சுவரிலேயே ஷவரையும் வைத்துவிட்டான் உன் மாமா. அடுத்த சுவரை உடைக்க வேண்டாமே என்று பார்த்தான். அது சரியாக வெஸ்டர்னுக்கு நேர் மேலே. உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையில் சொட்டுச் சொட்டாக விழும். "ஷவர வேற எடத்துல வெக்கலாமேடா" என்றால், "அக்கா, யாரு ஷவர்ல குளிக்கப் போறா? அது சும்மா அழகுக்கு" என்கிறான். ஹீட்டர் சுவிட்சுக்கு ஒயர் எட்டவில்லை என்று அதைச் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். லைட் சுவிட்ச் கூடத்தில், ஃபேன் சுவிட்சோடு. உன் அப்பா கூடத்தை விட்டு எழுந்து போகும்போது ஒரே தட்டில் எல்லாவற்றையும் அணைக்கிறவர் என்பது உனக்குத் தெரியுமே. கண்ணாடியை அப்பா தன் உயரத்துக்கு நின்று பார்த்து ஆணி அடித்தார். எனக்கு அதில் என் வகிடு மட்டும் தெரிகிறது. நெல் அறையின் பழைய ஜன்னலை அடைக்கவும் இல்லை, தூக்கி வைக்கவும் இல்லை, கண்ணாடியில் ஒரு பூப்போட்ட தாளை ஒட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை. நம் செவலைப் பசு அந்தத் தாளின் ஒரு ஓரத்தை நக்கியே எடுத்துவிட்டது, இப்போது அந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குழாய். வாளி வைக்கிற மூலையில் ஒரு குழாய் இருக்கிறது, அது சரி. இன்னொரு குழாய் வெறுமையாகக் கிடக்கிற சுவரின் நடுவில், என் இடுப்பு உயரத்தில், ஒரு வேலையும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. வாளியும் வைக்க முடியாது, கையும் கழுவ முடியாது, போகும்போதும் வரும்போதும் இடுப்பில் இடிக்கும். எதற்கு என்று கேட்டேன். குழாயில் ஒரு துண்டும் ஒரு டேப்பும் மிச்சம் இருந்ததாம், வீணாக்க வேண்டாமே என்று வைத்தார்களாம்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். நீயும் வந்தால் சிரிப்பாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தேன். ஆனால் தரை சிரிக்கிற விஷயம் இல்லை. மாமாவுக்கு நடுவில் கூத்தாநல்லூரில் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிற நாள் வந்துவிட்டது. தளம் போடுவதைத் தள்ளிப்போட முடியாது அல்லவா? "அத்தான், நான் போயிட்டு வந்து தரைய இழுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். உன் அப்பாவுக்கு ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. சாந்தைக் கலந்தார், ரசமட்டத்தை எடுத்தார், பலகையை எடுத்தார், தானே தரையை இழுத்துவிட்டார். நடவு வயலைப் பரம்படிக்கிறவர் கை எப்படிப் போகும்? ஒரு மூலை மேடாக இருந்தால் அங்கே களை மண்டும், ஒரு மூலை பள்ளமாக இருந்தால் அங்கே நாற்று அழுகும். இத்தனை வருஷமாக அந்த மனுஷன் செய்தது அதுதான், தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே அளவு நிற்கிற மாதிரி மண்ணைச் சமமாக்குவது. நம் வயலைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வயல்காரர்கள் பரம்படிக்கக் கூப்பிடுவார்களே, அந்தக் கை. பாத்ரூம் தரையையும் அப்படியே போட்டுவிட்டார். நான்கு மூலையிலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்பதை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினார். வாயெல்லாம் பல். நானும் "அருமைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

மாமா திரும்பி வந்து பார்த்தான். வாட்டமே விடவில்லை, தண்ணீர் ஓட்டையை நோக்கி ஓடுவதற்குச் சரிவே இல்லை என்று அவனுக்கு வாசலில் நின்றபோதே தெரிந்துவிட்டது. களம் போடுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஆனால் அத்தான் ஆசை ஆசையாகப் போட்ட தரையைக் கொத்திப் போடு என்று எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டான். மேலே டைல்ஸையும் ஒட்டிவிட்டான். மரியாதை! நம் குடும்பத்தில் எத்தனை காரியம் இந்த மரியாதையால் கெட்டிருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தால் பொழுது போதாது. நீ அப்படி இருக்காதே அபி. உன் புகுந்த வீட்டில் ஒன்று சரியில்லை என்று பட்டால், சிரித்த முகத்தோடு அன்றைக்கே சொல்லிவிடு. டைல்ஸ் ஒட்டிய பிறகு சொன்னால் எல்லாருக்கும் மனக்கஷ்டம்.

வேலை முடிந்ததும் அப்பா போட்டோ எடுத்தார். எப்படி எடுத்தார் தெரியுமா? ஜன்னல் பக்கம் சாய்ந்து, போனைத் தலைக்கு மேலே பிடித்து, ஷவர் வராமல், நடுச் சுவர்க் குழாய் வராமல், குறுக்காக இருக்கிற வெஸ்டர்ன் நேராகத் தெரிகிற மாதிரி. கல்யாண போட்டோகிராபர்கூட அவ்வளவு மெனக்கெட மாட்டான். நீ போட்ட அந்த ஒரு ஹார்ட்டை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். அப்புறம் குழாய்க்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு ஒரு உத்தரவு போட்டார். "இதுல மொத மொத எம் பொண்ணுதான் குளிக்கணும். அதுவரைக்கும் யாரும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தக் கூடாது." எங்கள் இரண்டு பேருக்கும் பழைய கொல்லைப் பாத்ரூம்தான். தினம் காலையில் கதவைத் திறந்து பார்ப்பார், உலர்ந்த துணியால் துடைப்பார், சாத்திவிடுவார். பாசம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்காத பாத்ரூமில் தலைப்பிள்ளைக்காரியை இறக்கிவிடப் பார்த்தோம் நாங்கள்.

அன்றைக்கு அப்பா டிராக்டர் விஷயமாகப் பூதலூர் போயிருந்தார். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. என் பெண் குளிக்கப்போகிற இடம், நான் ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் குறைந்தா போய்விடும் என்று ஒரு வாளி நிறையப் பிடித்துச் சாய்த்தேன். தண்ணீர் நான்கு பக்கமும் அழகாகப் பரவியது. பரவி, நின்றது. ஓட்டைப் பக்கம் போவதாகத் தெரியவில்லை. மெல்லப் போகும் என்று ரசத்தை இறக்கிவிட்டு வந்தேன். அப்படியே நிற்கிறது. துவையல் அரைத்துவிட்டு வந்தேன். அப்படியே நிற்கிறது. நாற்று விட்டிருந்தால் முளைத்திருக்கும்! விளக்குமாறால் தள்ளலாம் என்று உள்ளே காலை வைத்தேன், டைல்ஸ் வழவழப்பு, சர்ரென்று இழுத்துவிட்டது. கை எதையாவது பிடிக்கத் துழாவியது. கிடைத்தது அந்த நடுச் சுவர்க் குழாய். ஒரு வேலைக்கும் ஆகாது என்று நான் தினம் திட்டிய குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. ஆனால் அங்கே நான் நிற்கவில்லை அபி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய். அதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னல் ஓட்டையில் பசு பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே நின்று ஓவென்று அழுதேன்.

அப்பா வந்ததும் ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மனுஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம்! "பாத்தியா, ஒரு பக்கமாவது சாஞ்சிருக்கா? எல்லா எடத்துலயும் ஒரே தண்ணி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "ஏங்க, இங்க நாத்தா நடப் போறோம்? எட்டு மாச வயித்தோட உங்க பொண்ணு இதுல கால வெக்கணுங்க. நான் இப்ப விழத் தெரிஞ்சேன்." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என் புடவை நனைந்திருப்பதைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. விளக்குமாறை எடுத்து அந்தத் தண்ணீரை அவரே ஓட்டைப் பக்கம் தள்ள ஆரம்பித்தார். நான் திட்டினால் பதிலுக்கு இரண்டு திட்டுகிற ஆள் அது. எனக்கே பாவமாகிவிட்டது.

மாமாவுக்குப் போன் போட்டேன். வண்டியைப் போட்டுக்கொண்டு பறந்து வந்தான். "தெரிஞ்சேதான்கா ஒட்டினேன். அத்தான் போட்டத நான் எப்படிக் கொத்தறது?" என்று தலையைக் குனிந்துகொண்டான். நான் திட்டுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அப்பா கொல்லைக்குப் போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்துவிட்டார். "நீ கொத்த வேணாம்டா. நான் போட்டது, நானே ஒடைக்கிறேன். நீ வாட்டம் எவ்ளோன்னு மட்டும் சொல்லு" என்றார். அபி, அந்தத் தரையை அவர் எப்படித் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார் என்று சொன்னேனே. அதே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு டைல்ஸாகப் பெயர்த்தார். சில்லு தெறித்துக் கையில் கீறியது, நிறுத்தவில்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிப் போட்டான். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது அப்பா என்னைப் பார்க்காமலே, "விழுந்திருந்தா என்னாடி ஆயிருக்கும்" என்றார். யார் விழுந்திருந்தால் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுபடி தரை இழுக்கிறபோது உன் மாமாதான் மேஸ்திரி, உன் அப்பா சித்தாள்! நான் வாசலில் நின்றுகொண்டேன், எனக்கும் ஒரு வாய் உண்டு என்று இந்த முறை தைரியமாகச் சொன்னேன். நான் சொன்ன இடத்தில்தான் வாட்டம், நான் சொன்ன சொரசொரப்பான டைல்ஸ். அதில் ஒரு கூத்து, தரைக்கு வாங்கப் போனால் ஒரே மாதிரி போதுமான டைல்ஸ் கடையில் இல்லை. பாதிக்குப் பூப் போட்டது, பாதிக்கு மீன் போட்டது. இருக்கட்டும் என்று ஒட்டச் சொல்லிவிட்டேன். சாந்து இறுகி எல்லாம் காய்ந்த பிறகு அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து மேட்டு மூலையில் ஊற்றினார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். தண்ணீர் ஒரு நிமிஷம் யோசித்தது. அப்புறம் மெல்ல நகர்ந்து, பூவைத் தாண்டி, மீனைத் தாண்டி, ஓட்டைக்குள் குபுகுபுவென்று இறங்கியது. "ஓடுதுடா! ஓடுதுடா!" என்று அப்பா மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேட்டூர் திறந்து ஆற்றில் முதல் தண்ணீர் வரும்போது பாலத்தில் நின்று கத்துவாரே, அதே கத்தல். வாளி வாளியாக ஊற்றினோம், சின்னப் பிள்ளைகள் மாதிரி மூன்று பேரும் நனைந்தோம். வெறும் காலோடு நான் நடந்து பார்த்தேன், ஈரத்தில் வேகமாகவும் நடந்து பார்த்தேன், வழுக்கவில்லை. நடுச் சுவர்க் குழாயைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கைப்பிடி ஒன்று கெட்டியாகப் பதிக்க வைத்தேன். ஷவரை இடம் மாற்றினோம். கண்ணாடியில் இப்போது என் முகம் முழுசாகத் தெரிகிறது. வெஸ்டர்ன் மட்டும் குறுக்காகவே இருக்கிறது, சூரியன் விஷயத்தில் அப்பா அசைந்து கொடுக்கவில்லை. ஹீட்டர் சுவிட்சும் மிக்ஸி பக்கத்திலேயேதான். நான் போட்டுத் தருகிறேன், அதில் உனக்கு என்ன கஷ்டம்?

இவ்வளவும் ஆன சந்தோஷத்தில் நேற்று உன் மாமியாருக்குப் போன் செய்தேன். மறைக்க எனக்கு மனசு வரவில்லை, நாற்றங்கால் கதையிலிருந்து நான் வழுக்கியது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்படிச் சிரித்தார். "எங்க வீட்ல மட்டும் என்ன சம்பந்தி, வாஷ்பேசின்ல குனிஞ்சா டவல் ராடு நெத்தியில இடிக்கும். அபி வந்த புதுசுல தெனமும் இடிச்சுப்பா" என்றார். நீ என்னிடம் சொல்லவே இல்லையே! சிரித்து முடித்ததும் அவரே, "இவ்ளோ தூரம் பண்ணியிருக்கீங்க, இனிமே நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், தாராளமா கூட்டிட்டுப் போங்க. அபி என்ன சொல்றா?" என்று கேட்டார். "உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்றேன். "நான் கேக்கல. நீங்க கேட்டிருப்பீங்கன்னு இருந்தேன்" என்றார். சுவரை இடித்தோம், தரையை இரண்டு முறை போட்டோம், சூரியனுக்குக்கூட யோசனை பண்ணினோம். குளிக்கப்போகிறவளை யாருமே கேட்கவில்லை.

அதனால் இப்போது கேட்கிறேன். உனக்கு எங்கே இருக்க வேண்டும் அபி? இங்கே என்றால், வளைகாப்பு முடிந்த கையோடு பூவும் வளையலுமாக உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன், எல்லாம் தயாராக இருக்கிறது, தஞ்சாவூர் டாக்டரம்மாவிடமும் பேசிவிட்டேன். அங்கே என்றால், பழகின டாக்டர் அங்கே இருக்கிறார், மாப்பிள்ளை அங்கே இருக்கிறார், உன் வேலை அங்கே இருக்கிறது, அதில் ஒரு தப்பும் இல்லை. அம்மா மனசு கஷ்டப்படும், அப்பா ஆசையாகக் கட்டினார் என்று எனக்காக ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லாதே. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார், மூன்றாம் நாள் அவரே போய்க் குளிப்பார். அங்கன்வாடியில் நீளமாக லீவு சொல்லிவிட்டேன். மகள் பிரசவத்துக்கு என்று மட்டும் சொன்னேன், எந்த ஊரில் என்று சொல்லவில்லை. நீ எங்கே இருக்கிறாயோ, நான் அங்கே.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மாசம் நிறைந்து நீ குளிக்கப் போகும்போது தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சும்மா சாத்திக்கொள்ள வேண்டும். நான் வெளியே நின்று "ஆச்சாடி?" என்று கேட்க வேண்டும். நீ உள்ளேயிருந்து "இரும்மா, வரேன்" என்று எரிந்து விழ வேண்டும். அது எந்த ஊர்ப் பாத்ரூம் என்பதை நீ சொல்லு.

துணி அடுக்கப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா